தண்டவாளத்துக்கு என்ன நிறம்?

நல்லகாமன் அந்தச் சபதத்தை எடுத்தது ஒரு மார்கழிக் காலையில், பழைய சோற்றுக்கும் மோர்மிளகாய்க்கும் நடுவில். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவர் எடுத்த முதல் சபதம் அது. அதனால் வாயில் இருந்த கவளத்தை விழுங்கக்கூடப் பொறுமையில்லாமல் எடுத்துவிட்டார்.

'இந்த ஒரு விஷயத்தில் அன்னக்கொடி பேச்சைக் கேட்பதில்லை. கேட்காதது மட்டுமில்லை, அவள் எது சொன்னாலும் அதற்கு நேர் எதிராகத்தான் செய்வது.'

மனசுக்குள்தான் சொல்லிக்கொண்டார். வாய்விட்டுச் சொல்லக்கூடிய வீடாக இருந்தால் சபதம் எதற்கு?

மதுரை கூட்ஸ் ஷெட்டில் நல்லகாமன் குமாஸ்தா. உசிலம்பட்டிப் பக்கத்துச் சொந்தபந்தத்தில் முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவர் அவர்தான். ஷெட்டில் அவர் பென்சிலைக் காதில் செருகினால் மூட்டை தூக்குகிறவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். சாயங்காலம் சைக்கிளை மிதித்து வில்லாபுரம் வந்து சேர்ந்தால் கதை வேறு. எந்த வேட்டி கட்டுவது, என்றைக்கு முடி வெட்டிக்கொள்வது, யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவது, போன இடத்தில் எத்தனை தடவை சோறு வாங்கிக்கொள்வது எல்லாம் அன்னக்கொடியின் இலாகா. அவள் சொன்னது எதுவும் தப்பாகப் போனதில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

விஷயம் ஒரு ரயில் சம்பந்தப்பட்டது. நிஜ ரயில் அல்ல. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை தட்டுமுட்டுச் சாமான்களை விற்றபோது நல்லகாமன் வாங்கிய பொம்மை ரயில். சாவி கொடுத்தால் என்ஜின் ஓடும். பின்னால் மூன்று வண்டி, ஒரு கார்டு வண்டி. ஓடுவதற்கு வட்டமாகத் தகரத் தண்டவாளம். அதைச் சுற்றி ஸ்டேஷன், சிக்னல், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அவரே அட்டையில் வெட்டி ஒட்டியிருந்தார். பொங்கல் கழிந்து ரயில்வே ஊழியர்களுக்கு ஒரு கைவேலைப் போட்டி நடக்கும். முதல் பரிசு வெள்ளிக் கோப்பை. அதைக் கொடுப்பவர் இஞ்சினியர் துரை. இரண்டு வருஷமாக அந்தக் கோப்பையை ஹெட் கிளார்க் கண்ணுச்சாமி நெட்டியில் அரண்மனை செய்து தட்டிக்கொண்டு போனார். இந்தத் தடவை அது தனக்கு வர வேண்டும், தன் சொந்த மூளையால் வந்தது என்று நாலு பேருக்குத் தெரியவும் வேண்டும். இதுதான் நல்லகாமனின் ஆசை.

ரயிலை முதன்முதலாக விரித்து ஓட்டிக் காட்டியபோது அன்னக்கொடி ஒரே பார்வை பார்த்தாள்.

"வண்டியெல்லாம் நெசமாட்டம் இருக்கு. தண்டவாளந்தான் பொய்யா இருக்கு."

"உனக்கு என்ன தெரியும் தண்டவாளத்தைப் பத்தி?"

"தகர டப்பா மூடி மாதிரி மின்னுது. அம்புட்டுத்தான் தெரியும்."

மறுநாள் ஷெட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். கண்ணுச்சாமி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஓய், தண்டவாளம் தகர டப்பா கணக்கால்ல மின்னுது" என்றார். எதிரியும் பெண்டாட்டியும் ஒரே வார்த்தையைச் சொன்னால் மனுஷன் என்ன ஆவான்? அதன் பலன்தான் அந்தச் சபதம்.

அன்று சாயங்காலமே சபதம் நடைமுறைக்கு வந்தது. ரயில் பெட்டியை அவர் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அன்னக்கொடி அடுக்களையிலிருந்து சொன்னாள்.

"கூடத்துல வைக்காதீங்க. கால்ல இடறும்."

அவர் கூடத்தின் நட்டநடுவில் வைத்தார்.

"சரி, கூடத்துலயே இருந்துட்டுப் போகட்டும்."

அவர் அதைத் தூக்கி உள்ளறைக்குக் கொண்டுபோனார்.

அன்னக்கொடி கரண்டியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையை நல்லகாமன் திரும்பிப் பார்த்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவர் திரும்பவில்லை. சபதம் காப்பாற்றுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை.

தண்டவாளத்துக்குப் பூச வேண்டும், சரி. என்ன நிறம் பூசுவது? பதினைந்து வருஷமாக ரயில்வேயில் சோறு தின்கிறவருக்கு அது சட்டென்று ஞாபகம் வரவில்லை. ஷெட்டில் கேட்டுப் பார்த்தார். ஒருவர் கறுப்பு என்றார். ஒருவர் சாம்பல் நிறம் என்றார். இன்னொருவர், 'கம்பெனி ரூல் புத்தகத்தில் இருக்கும்' என்றார். கடைசியில் நேரில் பார்த்துவிடுவது என்று மத்தியானம் லைன் ஓரமாக நடந்துபோய், தண்டவாளத்தருகே குந்தி உட்கார்ந்து, கன்னத்தைச் சாய்த்து உற்றுப் பார்த்தார்.

தூரத்திலிருந்து ஒரு ஆள் சிவப்புக் கொடியை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான். லைன் பார்க்கும் கேங்மேன் முத்திருளன்.

"வேணாஞ்சாமி, எந்திரிங்க. வீட்டுல சண்டைன்னா இதுக்கா வர்றது? எல்லா வீட்டுலயும் பொம்பளைங்க அப்பிடித்தான் பேசுவாங்க. ரெண்டு நாள் போனா சரியாப் போகும்."

"அட, அதெல்லாம் இல்லப்பா. தண்டவாளம் என்ன கலர்னு பாக்குறேன்."

முத்திருளன் அவரை மேலும் கீழும் பார்த்தான். சண்டை இன்னும் பெரிது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பான்.

"நானும் இருவது வருசமா இதைச் சுத்தியல்ல தட்டிக்கிட்டு வாரேன். என்ன கலர்னு ஒருத்தரும் கேட்டதில்லையே. காலையில பாத்தா காப்பிக்கொட்டை. உச்சி வெயில்ல செங்கல்லு. மழை பேஞ்சா கறுப்பு. உங்களுக்கு எப்ப உள்ள கலரு வேணும்?"

இப்படியாக நிறம் ஒன்றிலிருந்து மூன்றாகிப்போன குழப்பத்தோடு, நல்லகாமன் கீழவாசல் பக்கம் சேக் இஸ்மாயில் ராவுத்தர் கடைக்குப் போனார். ஆணி, தாழ்ப்பாள், வார்னிஷ், பெயிண்ட் விற்கிற கடை. ராவுத்தர் வயதில் பெரியவர், வீடும் வில்லாபுரத்தில் பக்கத்துத் தெருதான். இவருக்கு அவர் மாமா, அவருக்கு இவர் மாப்பிள்ளை.

"மாப்ள, பெயிண்டு இப்பவே கலக்கித் தந்துருவேன். கலந்த பெறகு இது இல்ல, அதுன்னு வந்து நின்னா டப்பாவைத் திருப்பி வாங்க மாட்டேன். மொதல்ல காவியும் கரியும் தண்ணியில கரைச்சுச் சொவத்துல பூசிப் பாரு. எது புடிக்குதோ அதைச் சொரண்டிக் காயிதத்துல மடிச்சுக் கொண்டா. இம்மி பெசகாம எண்ணெயில கலந்து தாரேன்."

"எம்புட்டுக் காவி வேணும் மாமா?"

"ஒரு பொட்டலம் கொண்டு போ. போதலைன்னா உன் வீட்டுக்காரி வாங்கிக்கிருவா."

வீட்டுக்காரி எதற்கு வாங்க வேண்டும் என்று நல்லகாமன் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இந்த இடத்தில் அந்த வீட்டுச் சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூன்று பொங்கலாக அதற்கு வெள்ளையடிக்கவில்லை. முதல் வருஷம் நல்லகாமனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் வருஷம் சுண்ணாம்பு அவர் கைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் வருஷம் ஆள் தேடினார், இன்னும் தேடிக்கொண்டிருந்தார். தெருவில் மற்ற வீடெல்லாம் பொங்கலுக்குப் பளிச்சென்று நிற்கும்போது இவர் வீடு மட்டும் புகை பிடித்துக் கிடக்கும். இந்தப் பொங்கலுக்கு அன்னக்கொடியின் அக்கா ரெங்கம்மாள் எழுமலையிலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். ரெங்கம்மாள் வாய் எப்படிப்பட்டதென்று இரண்டு தாலுகாவுக்குத் தெரியும். அவள் வந்து சுவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்கப்புறம் தான் உயிரோடு இருந்து பயனில்லை என்று அன்னக்கொடி நினைத்தாள். ராத்திரி சாப்பாடு பரிமாறும்போது பலதடவை சொல்லியும் பார்த்தாள். அவர் 'ம்' என்றார். அந்த 'ம்'முக்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

நல்லகாமன் காவியைக் கரைத்துக் கூடத்துச் சுவரில் உள்ளங்கை அகலம் பூசினார்.

"என்னங்க இது?"

"தண்டவாளம்."

"சொவத்துலயா?"

"கலர் பாக்குறேன்."

அன்னக்கொடி பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"பாருங்க, பாருங்க. இந்தப் புகைச் சொவரே போதும். வெள்ளைச் சொவத்துல பூசினாத்தான் சரியான கலரு தெரியும்னு வெள்ளையடிக்கக் கெளம்பிறாதீங்க. கொல்லையில தொட்டி நெறையச் சுண்ணாம்பு ஊறிக்கிட்டுக் கெடக்கு, அடுப்புக்குப் பூச வச்சிருக்கேன். அதைத் தொட்டுறாதீங்க. சுண்ணாம்பு வாடை எனக்கு ஆகாது."

நல்லகாமனுக்கு உச்சந்தலையில் விளக்கு எரிந்தது. ஆமாம், புகைச் சுவரில் எது பூசினாலும் புகையாகத்தானே தெரியும்? பெண்டாட்டியின் அறியாமையை எண்ணி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே வெள்ளையடிக்கும் மட்டையைத் தேடிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் போயிற்று. ஒரு சுவர் வெள்ளையாகிவிட்டது. அதன் நடுவில் காவிப் பொட்டு நன்றாகத்தான் இருந்தது.

"நல்லாருக்கு" என்றாள் அன்னக்கொடி. "ஒரு சொவரு போதும். பக்கத்துச் சொவருக மங்கலா இருந்தா இருந்துட்டுப் போகுது. அந்த மங்கல் இதுல அடிச்சுக் கண்ணை ஏமாத்தும்னு சொல்லுவாக, அதெல்லாம் சும்மா."

யார் சொல்லுவார்கள் என்று அவர் விசாரிக்கவில்லை. மற்ற மூன்று சுவர்களும் செவ்வாய்க்கிழமைக்குள் வெள்ளையாயின. உள்ளறையும் வெள்ளையாயிற்று, கதவு திறந்திருக்கும்போது அங்கிருந்தும் மங்கல் அடிக்குமல்லவா? ஷெட்டில் இதைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தார். வெளிச்சம் என்பது சுவருக்குச் சுவர் தாவக்கூடியது என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவருடைய வெள்ளை மயிரையும் வெந்துபோன விரல்களையும் பார்த்து, வீட்டில் ஏதோ நடக்கிறது என்று மட்டும் புரிந்துகொண்டார்கள்.

வியாழக்கிழமை அன்னக்கொடி கூடத்தில் நின்று திருப்தியாகச் சொன்னாள்.

"கலரு அமைஞ்சு போச்சு. இனிமே தெருப் பக்கத்துச் சொவத்துல, வெயில்ல வச்சுப் பாக்குறேன்னு ஏணியைத் தூக்கிறாதீங்க. நாலு பேரு சிரிப்பாங்க."

தண்டவாளம் கூடத்திலா ஓடுகிறது? வெயிலில் அல்லவா ஓடுகிறது? இது ஏன் தனக்கு முன்னாலேயே தோன்றவில்லை என்று நல்லகாமன் தன் தலையில் தட்டிக்கொண்டார். மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஏணியில் ஏறினார். தெருப் பக்கம் முடிந்தது. சந்துப் பக்கம் முடிந்தது. கொல்லைப் பக்கம் முடியும்போது ஏணியிலிருந்து இறங்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

"இம்புட்டு வெள்ளைக்கு நடுவுல ஒரு சாணு காவி போதும்" என்றாள் அன்னக்கொடி, அவருக்கு மோர் கொடுத்துக்கொண்டே. "தண்டவாளம் நீளமா ஓடுதுன்னு நீங்களும் வீட்டைச் சுத்தி நீளமா இழுத்துறாதீங்க."

அவர் மோரைக் கீழே வைத்துவிட்டு நூல் கேட்டார்.

நூலைக் கட்டிச் சுண்ணாம்புப் பொடி தட்டி, வீட்டைச் சுற்றிலும் அடிச்சுவரில் இரண்டு காவிப் பட்டைகள் இழுத்தார். இரண்டு தண்டவாளம். நடுவில் இடைவெளி எங்கேயும் ஒரு விரல் கூடவோ குறையவோ இல்லை. அளவு விஷயத்தில் அவர் ரயில்வேக்காரர். சேக் இஸ்மாயில் ராவுத்தர் அந்த வழியாகப் போனவர் நின்று பார்த்தார்.

"மாப்ள, பட்டை ரொம்ப நேரா இருக்கு."

"தண்டவாளம் மாமா. நேராத்தான் இருக்கணும்."

ராவுத்தர் தாடியைத் தடவிக்கொண்டார். "ஆமா ஆமா. பொங்கல் ஸ்பெஷல் வந்தாக்கூடத் தாங்கும்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். தெரு முனை திரும்பியதும் அவர் சிரித்த சத்தம் கேட்டது. நல்லகாமன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

தண்டவாளத்தோடு முடிகிற காரியமா? அடியில் கட்டைகள் இருக்கின்றன. கட்டைக்குத் தார் நிறம். மேலே சக்கரம் இருக்கிறது. சக்கரத்துக்கு எண்ணெய்க் கறுப்பு.

"தார் எப்படி இருக்கும்னு ஒரு சிரட்டையில தடவிப் பாருங்க, போதும்" என்றாள் அன்னக்கொடி. "மரத்துல தடவினாத்தான் தெரியும்னு தூணுலயும் நெலைக்காலுலயும் பூசிறாதீங்க. கறையான் அரிச்ச மரம், அதுக்கு என்ன மரியாதை?"

அரைநாளில் நான்கு தூணும் இரண்டு நிலைக்காலும் அடியிலிருந்து முழ உயரத்துக்குத் தார் பூசிக்கொண்டன. அவற்றில் மூன்று வருஷமாகக் குடியிருந்த கறையான் அன்றைக்கே வீட்டைக் காலி செய்தது.

"சக்கரத்துக் கறுப்பை ஓட்டுத் துண்டுல பாத்துக்கிருங்க. இரும்புக்கு இரும்புன்னு சன்னல் கம்பியில கை வச்சிறாதீங்க. துருப்பிடிச்ச கம்பி துருப்பிடிச்சபடியே கெடக்கட்டும்."

விளக்குக் கரியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து, ஐந்து சன்னல்களின் கம்பிகள் அத்தனையையும் தேய்த்துத் துரு நீக்கிக் கறுப்படித்தார். கடைசிக் கம்பியை முடித்தபோது போகிக்கு இரண்டு நாள் இருந்தது.

அன்று சாப்பிட்டதும் அன்னக்கொடி அவர் கையை இழுத்துத் தன் மடியில் வைத்து, சுண்ணாம்பில் வெந்த விரல்களுக்குத் தேங்காயெண்ணெய் தடவினாள்.

"கை இப்படிப் பொத்துப் போச்சே."

"பரவால்ல. ஒரு காரியம் சாதிக்கணும்னா அப்படித்தான்."

"நான் சொன்னதை ஒண்ணாச்சும் கேட்டீங்களா?"

"எதைக் கேட்டேன்?" என்றார் நல்லகாமன். சொல்லும்போதே நெஞ்சு நிறைந்தது. பதினோரு வருஷத்தில் தான் இவ்வளவு பெரிய ஆண்பிள்ளையாக இருந்ததில்லை என்று தோன்றியது. கூடவே அவள்மேல் ஒரு இரக்கமும் வந்தது. பாவம், பேச்சு எடுபடாத பெண்டாட்டி.

"கோப்பை உங்களுக்குத்தான் வரணும்" என்றாள் அவள். அதை மட்டும் அவள் மனசாரத்தான் சொன்னாள்.

தெருப் பக்கத்துச் சுவரில், ஏழாவது கலவையில், உச்சி வெயிலுக்கும் காலை வெயிலுக்கும் நடுவான ஒரு பழுப்பு அமைந்திருந்தது. அதைச் சுரண்டிக் காகிதத்தில் மடித்துக்கொண்டுபோய்க் கொடுத்தார். ராவுத்தர் சொன்னபடி இம்மி பிசகாமல் கலந்து கொடுத்தார். வீட்டுக்கு வந்து தகரத் தண்டவாளத்தை விரித்து, மெல்லிய தூரிகையை நனைத்து, மேல் பக்கத்தில் வைக்கப் போனார்.

"அப்பிடித்தான்" என்றாள் அன்னக்கொடி, வாசலைக் கூட்டிக்கொண்டே. "மேல் பக்கம் நல்லா அப்பி விடுங்க. பளபளப்பு ஒரு நூலுகூடத் தெரியப்படாது. சக்கரத்தையும் முழுசாக் கறுப்பா முக்கிருங்க, உருளுற எடத்தையும் விட்டுறாதீங்க."

தூரிகை அந்தரத்தில் நின்றது. நல்லகாமன் அதை அப்படியே இறக்கி, பக்கவாட்டில் மட்டும் பூசினார். மேல் விளிம்பைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று விட்டார். சக்கரத்திலும் உருளும் வட்டத்தை விட்டுவிட்டு மற்றதைக் கறுப்பாக்கினார்.

காய்ந்த பிறகு ஓட்டிப் பார்த்தார். அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது. இது பொம்மை இல்லை. மதுரை ஜங்ஷனை ஒரு பலகையில் இறக்கி வைத்தாற்போல் இருந்தது.

தினமும் மத்தியானம் தூக்குச்சட்டியில் அவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு, ஷெட்டுக்குப் போகும் வழியில் எட்டு லைனைத் தாண்டுகிறவள் அன்னக்கொடி. தாண்டும்போது குனிந்து பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். இதெல்லாம் நல்லகாமனின் யோசனையில் வரவில்லை. சோறு வரும், சாப்பிடுவார். அது எந்த வழியாக வருகிறது என்று குமாஸ்தாக்கள் ஆராய்வதில்லை.

பொங்கலன்று ரெங்கம்மாள் வந்து இறங்கினாள். தெருவில் நின்று வீட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்தது அன்னக்கொடிக்கு அந்த வருஷத்துப் பொங்கல் சீர்.

தை நாலாம் தேதி போட்டி நடந்தது. கண்ணுச்சாமி இந்தத் தடவை நெட்டியில் ஒரு தேர் செய்து கொண்டுவந்திருந்தார். இஞ்சினியர் துரை தேரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து ரயிலின் முன் நின்றார். பிறகு, கால்சட்டை கசங்குவதையும் பாராமல் முட்டி போட்டார். தண்டவாளத்தின் மேல் விரலை வைத்து இழுத்தார். சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தார். எழுந்து இங்கிலீஷில் நாலு வார்த்தை சொன்னார். பக்கத்தில் இருந்தவர் அதைத் தமிழில் சொன்னார்.

"பக்கமெல்லாம் துரு, சக்கரம் ஓடுகிற இடம் மட்டும் பளபளப்பு. தண்டவாளத்தைத் தினமும் பார்க்கிறவனுக்குத்தான் இது தெரியும். இங்கே உத்தியோகம் பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது என்கிறார் துரை."

அந்தப் பாதிப் பேரும் சேர்ந்து கைதட்டினார்கள். கோப்பை நல்லகாமன் கைக்கு வந்தது. யார் யோசனை என்று துரை கேட்டதற்கு, "என் சொந்த யோசனை சார்" என்று இங்கிலீஷிலேயே பதில் சொன்னார். கண்ணுச்சாமி தன் தேரைத் துணி போட்டு மூடிக்கொண்டார்.

ஜட்கா வைத்துக்கொண்டு வீடு வந்தார். கோப்பை மடியில் இருந்தது. வாசலில் உட்கார்ந்து ரெங்கம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கோப்பையா தம்பி? நல்லாருக்கு. வீடு அதைவிட நல்லாருக்கு. அன்னம் நெனச்ச மாதிரியே முடிச்சுக் குடுத்துட்டீங்க."

"அவ நெனச்ச மாதிரியா?" நல்லகாமன் சிரித்தார். "மதினி, இந்த ஒரு மாசமா அவ சொன்னதுல ஒண்ணைக்கூட நான் செய்யல. எல்லாத்துக்கும் நேர்மாறாத்தான் செஞ்சேன்."

"அதைத்தான் தம்பி நானும் சொல்றேன். வெள்ளையடிக்காதீங்கன்னு சொன்னாளாம். வெளிச் சொவரு வேணாம்னாளாம். பட்டை இழுக்காதீங்க, தூணைத் தொடாதீங்க, கம்பியைத் தொடாதீங்கன்னாளாம். சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. சுண்ணாம்பும் காவியும் ராவுத்தர் கடையில மார்கழி பொறக்குறதுக்கு முந்தியே சொல்லி வச்சிட்டாளாம்ல." ரெங்கம்மாள் ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டாள். "தண்டவாளத்து மேலயும் பூசுங்கன்னாளாம். அதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது."

நல்லகாமன் இரண்டடி பின்னால் போனார். தெருவிலிருந்து தன் வீட்டை அவர் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தார். வெள்ளைச் சுவர், காவிப் பட்டை, தார் பூசிய நிலை, கறுப்புக் கம்பி. ஒன்று பாக்கியில்லை. சுவர் போனால் போகிறது, தூண் போனால் போகிறது. கோப்பையாவது தன்னுடையது என்று இருந்திருக்கலாம். அதுவும் இல்லை என்று தெரிந்தபோது அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அழுகையை அடக்குவதற்கு ஆண்களுக்குத் தெரிந்த ஒரே வழி சத்தம் போடுவதுதான்.

"ஏ, அன்னக்கொடி."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கோப்பையை வாங்கிச் சந்தோஷமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் வேணும்னேதான் மாத்திச் சொன்னியா?"

"நீங்க மாத்திச் செய்யிறீங்களேன்னு சொன்னேன்."

"கோப்பையிலயுமா?"

"அது உங்களுக்கு வரணும்னு எனக்கு ஆசை இருக்காதா?"

பதில் இல்லாதபோது புதுச் சபதம் எடுப்பதுதான் வழி. நல்லகாமன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"இத்தோட சரி. இனிமே இந்த வித்தை எங்கிட்டப் பலிக்காது. மாத்திச் செய்யிறவன்னுதான் ஏமாத்துன? இனிமே நீ என்ன சொன்னாலும் அதை அப்படி அப்படியே செய்யப் போறேன். ஒரு நூலு கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன். அப்ப எப்படி ஏமாத்துறேன்னு பாக்குறேன்."

"என்ன சொன்னாலுமா?"

"என்ன சொன்னாலும். மதினியைச் சாட்சி வச்சுச் சொல்றேன்."

அன்னக்கொடி கோப்பையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அப்ப நாளைக்குக் காலையில கெணத்தைத் தூர் வாரிருங்க."